ஈசிசியிலிருந்து எஸ்/4 ஹானாவுக்கு மாறியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்: முதலில் எங்கள் கதை

கோவை, பம்ப்செட் தயாரிப்பு, ஐ.டி. பிரிவு

ஸ்டாக், கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் எஸ்ஏபி சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனிக்கு வந்தது 2008இல். அப்போது நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். கீ யூசர் (செக்ஷன் சார்பில் சிஸ்டத்தைக் கற்றுக்கொள்பவர்) என்று பெயர் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஏறத்தாழ பதினைந்து வருடம் கழித்து, எஸ்ஏபியின் பழைய பதிப்பான அதே ஈசிசியை விட்டுப் புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவுக்குப் போகும் வேலையைத் திட்டமிடும் பொறுப்பும் என்னிடமே வந்தது. 2024 பொங்கல் லீவில் மாறினோம்.

இப்போது இந்தக் கட்டத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஈசிசி 6.0க்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசி வரைதான். கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை. அதுவும் என்ஹான்ஸ்மெண்ட் பேக் (எஸ்ஏபி தரும் மேம்பாட்டுத் தொகுப்பு) 6 முதல் 8 வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கெடு 2025 கடைசியோடு சரி. உங்கள் சிஸ்டம் எந்தப் பேக்கில் இருக்கிறது என்று பேசிஸ் ஆளிடம் (சிஸ்டத்தின் தொழில்நுட்பப் பராமரிப்பைப் பார்ப்பவர்) முதலில் கேட்டுவிடுங்கள்.

பிரவுன்ஃபீல்டா, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும் கிரீன்ஃபீல்டா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எங்களுக்குப் பழைய சரித்திரம் வேண்டும், ஆட்கள் குறைவு, அதனால் இருப்பதை அப்படியே மாற்றும் பிரவுன்ஃபீல்டு. நான் சொல்ல வந்தது வேறு. எங்களை அதிகம் அலைக்கழித்தது புது சாஃப்ட்வேர் இல்லை. எங்கள் கம்பெனியில் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று எங்களுக்கே தெரியாமல் இருந்ததுதான்.

கன்சல்டண்ட் கேட்ட முதல் பட்டியல், எங்கள் இசட் புரோகிராம்கள், அதாவது எங்களுக்கென்று தனியாக எழுதிச் சேர்த்தவை. எண்ணினால் தொள்ளாயிரத்துக்கு மேல். எஸ்சிமான் என்ற பதிவை ஓடவிட்டு, எது பயன்பாட்டில் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து, ஓடாததைக் கழித்துவிடலாம். வழி சரியானதுதான். ஆனால் நாங்கள் அதை ஓடவிட்டது 2022 நவம்பர் முதல் 2023 ஜனவரி வரை, மூன்றே மாதம். அதில் ஒருமுறைகூட ஓடாதவை ஐந்நூற்றுச் சொச்சம். கன்சல்டண்டும் நானும் சிவப்பு, பச்சை போட்டுப் பட்டியலை முடித்துவிட்டோம்.

ஒவ்வொரு செக்ஷனிலும் கையெழுத்து வாங்கவேண்டும். சரக்கை வெளியாட்களிடம் வேலைக்கு அனுப்பும் ஜாப் ஒர்க் செக்ஷனில் இருக்கும் அக்காவிடம் பட்டியலை நீட்டினேன். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாக இறங்கி வந்தார். நாலாவது பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"தம்பி, இதை எடுத்துட்டீங்கன்னா ஏப்ரல்ல நான் என்ன பண்றது?"

அது ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்துக்குக் கணக்கு எடுக்கும் புரோகிராம். மெஷினிங்குக்கும் கோட்டிங்குக்கும் வெளியே அனுப்பும் காஸ்டிங் (வார்ப்பு) ஒரு வருடத்துக்குள் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜிஎஸ்டியில் கணக்கு. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் அந்தக் கணக்கை வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் 25க்குள்ளும் அக்டோபர் 25க்குள்ளும் காட்டவேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை பார்த்தால் அது எப்படிக் கண்ணில் படும்?

அதோடு முடியவில்லை. "இது தர்ற கணக்கும் அப்படியே சரியா இருக்காது தம்பி" என்று மேசை டிராயரிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தார். சலான் நம்பர், தேதி, போன பீஸ், வந்த பீஸ். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பத்தி. மெஷினிங்கில் ப்ளோ ஹோல் (வார்ப்பில் காற்றுக் குழி) தெரிந்து, ஜாப் ஒர்க்கரிடமிருந்து நேராக, வார்த்துத் தந்த பவுண்டரிக்கே திரும்பிப் போன பீஸ்கள். எங்கள் சிஸ்டத்தில் அவை இன்னும் ஜாப் ஒர்க்கரிடமே இருப்பதாகக் காட்டும். ஒவ்வொரு தடவையும் இவர் நோட்டைப் பார்த்து எக்செலில் கழித்துவிட்டு அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பியிருக்கிறார். இது எந்த டாக்குமெண்டிலும் கிடையாது. நான் அதே கட்டடத்தில் மாடியில் இருந்தேன், எனக்குத் தெரியாது.

அன்றைக்கே பட்டியலைத் திரும்பத் திறந்தோம். பயன்பாட்டுப் பதிவை முழுசாகப் பதின்மூன்று மாதம் ஓடவிட்டோம். மார்ச் 31 ஸ்டாக் எடுப்பு, போனஸ், ஐடிசி-04 எல்லாம் அதற்குள் வந்துவிடும். கழித்துப் போட்டதில் நாற்பத்தேழு புரோகிராம் திரும்பி வந்தது. செக்ஷன் செக்ஷனாக அரை நாள் போய் உட்கார்ந்தேன். கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சிஸ்டத்துக்கு வெளியே நீங்கள் என்னென்ன எழுதி வைக்கிறீர்கள்?" நோட்டு, எக்செல், காலண்டரில் வட்டம் போட்டது எல்லாம் எடுத்துக் காட்டினார்கள். திட்டத்தில் மிக உபயோகமாக இருந்த நாட்கள் அவைதான்.

அடுத்தது வெண்டர், கஸ்டமர். எஸ்/4இல் இரண்டும் தனித்தனி இல்லை, பிசினஸ் பார்ட்னர் (பிபி) என்ற ஒரே இடம். புது வெண்டர், கஸ்டமர் சேர்க்கும் எக்ஸ்கே01, எக்ஸ்டி01 கட்டளைகள் எல்லாம் பிபி திரைக்கே கொண்டுபோய் விடும். மாறுவதற்கு முன்பே ஈசிசியில் இதைச் சுத்தம் செய்து முடிக்கவேண்டும். முடிக்காமல் கன்வர்ஷன் (மாற்றும் வேலை) நகராது. எங்களிடம் ஒரே பவுண்டரிக்கு மூன்று வெண்டர் நம்பர். பெயரில் வரும் ஸ்ரீயை ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களுக்கே நாங்கள் ஸ்கிராப் விற்பதால் கஸ்டமர் நம்பர் ஒன்று தனியாக. பெயரை வைத்துத் தேடினால் விடியாது. ஜிஎஸ்டி நம்பரில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்து பான். அந்தப் பத்தை வைத்துச் சேர்த்தோம். அப்படியும் அக்கவுண்ட்ஸில் இரண்டு பேருக்கு ஏழு வாரம் பிடித்தது. உங்கள் திட்டத்தில் இதற்கு இரண்டு வாரம் என்று போட்டிருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள்.

மூன்று மாக் ரன் (மாற்றத்துக்கான ஒத்திகை) செய்தோம். முதல் தடவை பாதியில் நின்று, மொத்தம் அறுபது மணி நேரத்தைத் தாண்டியது. மூன்றாவது தடவை நாற்பதுக்குள் வந்தபிறகுதான் தேதியைச் சொன்னேன். எம்.டி. அதற்கு முன்பு நாலைந்து முறை கேட்டார், சொல்லவில்லை. 2024 ஜனவரி 12 வெள்ளி சாயங்காலம் ஸ்டாக்கை நிறுத்தினோம். 18ஆம் தேதி வியாழக்கிழமை காலை புது சிஸ்டத்தில் முதல் லோடு உள்ளே வந்தது. நடுவில் அவசரத்துக்கு ஒரே ஒரு லோடு கையால் எழுதிய சலானில் வெளியே போனது.

மற்றவர்களும் எழுதுங்கள்.

* * *

சென்னை, அபாப் (எஸ்ஏபியின் புரோகிராம் மொழி) டெவலப்பர்

சார், அந்த நோட்டு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. கோடு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

பிசெக் (கணக்குப் பதிவு வரிகள்), கான்வி (விலை விவரம்) போன்ற டேபிள்கள் பழைய டேட்டாபேஸில் கிளஸ்டர் டேபிள்கள், அதாவது டேட்டாவைச் சேர்த்துக் கட்டி வைப்பவை. ஆர்டர் பை (வரிசைப்படுத்தச் சொல்லும் கட்டளை) போடாமல் படித்தாலும் கீ வரிசையில்தான் டேட்டா வரும். இருபது வருடமாக எல்லோரும் அதை நம்பியே எழுதியிருக்கிறார்கள். ஹானாவில் அவை சாதாரண டேபிள்கள், எந்த வரிசையில் வரும் என்று உத்தரவாதம் இல்லை. அதற்கு அடுத்த வரியில், டேட்டா வரிசையாக இருக்கிறது என்று நம்பித் தேடும் பைனரி சர்ச் இருந்தால் சில வரிகளைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். எரர் வராது, புரோகிராம் நடுவில் நின்று டம்ப் ஆகாது. தொகை மட்டும் குறையும்.

நான் இருந்த ஒரு புராஜெக்டில் இதே நடந்தது. டெஸ்ட் சிஸ்டத்தில் கொஞ்சம் டேட்டாதான், எல்லாம் சரியாக வந்தது. முழு டேட்டாவை வைத்து ஓட்டியபோது ஒரு தள்ளுபடி ரிப்போர்ட் டீலர்களுக்குக் குறைவாகக் காட்டியது. ஒரு டீலர் தன் கணக்கை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபிறகுதான் பிடிபட்டது. ஏடிசி (எஸ்ஏபியின் கோடு சோதனைக் கருவி) செக்கில் இதற்கென்றே சோதனை இருக்கிறது. அது தரும் பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று பின்னால் தள்ளாதீர்கள். பணம் சம்பந்தப்பட்டதை முதலில் திருத்துங்கள். முழு அளவு டேட்டா இல்லாமல் எதையும் டெஸ்ட் முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் மெட்டீரியல் நம்பர். 18 எழுத்தாக இருந்த புலம் எஸ்/4இல் 40. நீங்கள் நீளமான நம்பரைப் பயன்படுத்தாவிட்டாலும் உள்ளே புலம் நீண்டுவிடும். எடைமேடை, பார்கோடு பிரிண்டர் மாதிரி இடங்களுக்கு இத்தனையாவது எழுத்திலிருந்து எடு என்று ஃபைல் போய்க்கொண்டிருந்தால், அடுத்தடுத்த புலம் எல்லாம் தள்ளிப் போகும். வெளியே போகிற ஃபைல் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

* * *

மதுரை, தின்பண்டத் தயாரிப்பு, அக்கவுண்ட்ஸ்

நாங்கள் இன்னும் மாறவில்லை, திட்டத்தில்தான் இருக்கிறோம். எங்களுக்குச் சண்டை முழுக்கத் தேதியில். முதலில் ஏப்ரல் என்றார்கள், பிறகு ஜூலை, அப்புறம் செப்டம்பருக்கு வந்து நின்றது. தீபாவளி ஆர்டர் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடும் எங்களுக்கு. மீட்டிங்கில் நான் ஹெர்ஷி கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் பெரிய சாக்லேட் கம்பெனி, 1999இல் எஸ்ஏபியும் இன்னும் இரண்டு சாஃப்ட்வேரும் சேர்த்து ஒரே நேரத்தில் போட்டார்கள். ஏப்ரலில் முடியவேண்டியது ஜூலைக்குத் தள்ளிப் போய், மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகை ஆர்டர் குவிகிற நேரத்தில் கோ-லைவ் (புது சிஸ்டம் ஓடத் தொடங்குவது). குடோனில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரைக் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. எங்கள் எம்.டி. கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் செப்டம்பரை அடித்துவிட்டு ஜனவரி என்று எழுதி அனுப்பினார்.

ஒரு சந்தேகம் அண்ணா. பழைய டேட்டா எத்தனை வருடத்துக்கு வைத்துக்கொண்டீர்கள்? எங்கள் கன்சல்டண்ட் மூன்று வருடம் போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம், அந்த அக்காவின் நோட்டு இப்போது என்ன ஆனது?

* * *

கோவை, பம்ப்செட் தயாரிப்பு, ஐ.டி. பிரிவு

மதுரை மேடம், உங்கள் மனசு சொல்வதுதான் சரி. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகம் எட்டு நிதியாண்டுக்கு இருக்கவேண்டும். ஜிஎஸ்டிக்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். நாங்கள் எட்டு வருடத்தைப் புது சிஸ்டத்துக்குக் கொண்டுவந்தோம். அதற்கு முந்தையதை மாறுவதற்கு முன்பே ஆர்க்கைவ் செய்துவிட்டோம். மாக் ரன் நேரம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று வருடம்தான் கொண்டுவருவோம் என்றால், மீதிக்குப் பழைய சிஸ்டத்தைப் பார்க்க மட்டும் உயிரோடு வைத்திருக்கும் செலவை அவரிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

சென்னை தம்பி சொன்ன எடைமேடை ஃபைல் எங்களுக்கும் நடந்தது. இரண்டாவது மாக் ரன்னில் பிடித்தோம்.

நோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பவுண்டரிக்கு நேராகத் திரும்பும் பீஸுக்குப் புது சிஸ்டத்தில் தனி மூவ்மெண்ட் டைப் (சரக்கு நகர்வைப் பதியும் குறியீடு) வைத்தோம். எப்படி இருக்கவேண்டும் என்று சொன்னவர் அக்காதான், நாங்கள் எழுதினோம். 2024 ஏப்ரலில் முதல் ஐடிசி-04 எடுத்தபோது அவரே பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டையும் திரையையும் வைத்துச் சலான் சலானாக டிக் போட்டார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. சிஸ்டத்தில் ஜனவரி 18, நோட்டில் ஜனவரி 13. கட்ஓவர் (பழையதை நிறுத்திப் புதியதுக்கு மாறும்) நேரத்தில் கையால் எழுதிப் போன அந்த ஒரு லோடு. சிஸ்டம் திறந்த நாள் தேதியிலேயே அதை ஏற்றியிருந்தோம். ஃபைலில் 13 என்று திருத்தி அன்று சாயங்காலமே ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றினோம். நோட்டை அவர் இன்னும் எழுதுகிறார். நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.