அட்லாண்டாவில் சோல் ஃபுட்: இறைச்சி சேராத கீரை எங்கே கிடைக்கும்?

பயணப்பை:
வேலை விஷயமாக அட்லாண்டா வந்திருக்கிறேன். இன்னும் மூன்று நாள் இருப்போம். நான் கோழி, மீன் சாப்பிடுவேன். பன்றியும் மாடும் கிடையாது. கூட வந்திருக்கும் மனைவி சுத்த சைவம். நேற்று ஒரு கடையில், கீரைதானே என்று அவளுக்குக் காலர்ட் வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு அடியில் இறைச்சித் துண்டு. அதிலிருந்து ஓட்டல் அறையில் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமையலான சோல் ஃபுட்டை நல்ல கடையில் சாப்பிடாமல் ஊர் திரும்ப மனசில்லை. எங்கே போகலாம்? எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கெளுத்திமீன்:
கடைக்காரர் மேல் தப்பில்லை. காலர்ட் கீரையைப் புகைபோட்ட பன்றிக்காலோடு மணிக்கணக்கில் வேகவைப்பதுதான் அங்கே வழக்கம். ரசத்தில் பெருங்காயம் போட்டதை நாம் சொல்கிறோமா என்ன? இப்போது பல கடைகளில் பன்றிக்குப் பதில் புகைபோட்ட வான்கோழி. அது உங்களுக்குச் சரி, வீட்டில் ஆகாது. அதனால் "பன்றி இருக்கா" என்று கேட்காதீர்கள். "இறைச்சி ஏதாவது சேர்த்ததா" என்று கேளுங்கள். காராமணி, பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். சோள ரொட்டியில்கூடப் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். 'யாம்' என்று போட்டிருப்பது நம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பாகில் ஊறியது. மக்ரோனி சீஸைக் காய்கறி வரிசையில் எழுதியிருப்பார்கள், பயப்படாதீர்கள்!

உங்களுக்கு பிஸி பீ கஃபே. 1947இல் லூசி ஜாக்சன் தொடங்கியது; மார்ட்டின் லூதர் கிங் பெயரிலுள்ள சாலையில் இருக்கிறது. 2022இல் ஜேம்ஸ் பியர்ட் 'அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்' என்ற உணவக விருது வாங்கியது. பொரித்த கோழி, வேறு யோசனையே வேண்டாம். இடம் சின்னது, மதியக் கூட்டத்துக்கு முன்னால் போய்விடுங்கள்.

பயணப்பை:
பாஸ்கல்ஸ் என்று ஒருவர் சொன்னாரே?

கெளுத்திமீன்:
அதுவும் 1947தான். ஜேம்ஸ், ராபர்ட் பாஸ்கல் என்று அண்ணன் தம்பிகள் நடத்தியது. கிங்கும் கூட்டாளிகளும் உட்கார்ந்து போராட்டங்களைத் திட்டமிட்ட இடம். மறியலில் சிறைக்குப் போய் வெளியே வந்த மாணவர்களுக்கு அங்கே இலவசச் சாப்பாடு. ஆனால் இப்போது கடை நடப்பது நார்த்சைட் டிரைவில், வேறு கட்டடம். நிதானமாக உட்கார்ந்து சாப்பிட அங்கே போங்கள். கோழிக்கு என் ஓட்டு பிஸி பீக்குத்தான்.

மொறுமொறு:
மேரி மேக்ஸை விட்டுவிட்டீர்களே! 1945லிருந்து இருக்கிறது. வேண்டியதை நாமே பென்சிலால் எழுதிக் கொடுக்கலாம்.

கெளுத்திமீன்:
வேண்டுமென்றேதான் விட்டேன். நல்ல கடை, ஆனால் அது பொதுவான தென்மாநிலச் சமையல். இவர் கேட்பது கறுப்பின மக்களின் கைப்பக்குவம்.

வெண்டைக்காய்:
எல்லாரும் கோழியையே பேசுகிறீர்கள். வெஸ்ட் எண்டில், ரால்ஃப் டேவிட் அபர்நாதி சாலையில் சோல் வெஜிடேரியன் இருக்கிறது. முழுக்க வீகன், பால்கூடக் கிடையாது. திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு முதலில் அங்கே கூட்டிப் போங்கள். கோழி அப்புறம்.

பயணப்பை:
போய் வந்தோம். காலர்ட் கீரையை இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். பேச்சும் வந்துவிட்டது. நாளை மதியம் பிஸி பீ, நான் மட்டும்.