புதுப்பிப்பு: தீம் பார்க் வேலையும் என் விசுவாசமும்

போன மாசம் இங்கே கேட்டிருந்தேன்: தீம் பார்க் வடிவமைப்பு வேலை கிடைச்சிருக்கு, ஊழியக்காரக் குடும்பத்துப் பிள்ளை பொய்க் கோட்டை கட்டப் போகலாமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சேர்ந்துட்டேன்.

மனசு தெளிஞ்சது தரங்கம்பாடியில, 1718-ல கட்டின புது எருசலேம் ஆலய வாசல்ல. எங்க சபைப் போதகர் ஐயர் பைபிள்ல யாத்திராகமம் 31-ஐத் திறந்து பெசலெயேலைக் காட்டினார். தேவ ஆவியால நிரப்பப்பட்டவன்னு வேதம் சொல்ற அந்த ஆள் தீர்க்கதரிசி இல்ல. பொன்னும் வெள்ளியும் கல்லும் மரமும் இழைச்ச கைவினைஞன்.

பொய்த்தோற்றம்னு சிலர் சொன்னீங்களே? 1955-ல திறந்த டிஸ்னிலேண்ட் கோட்டையோட உயரம் 77 அடிதான். மேலே போகப் போகக் கல்லைச் சின்னதாக்கி உயரமா காட்டியிருக்காங்க. கிறிஸ்துமஸ் குடில்ல அப்பா ஆத்து மணல் பரப்பி, முன்னாடி பெரிய ஒட்டகம், பின்னாடி விரல் நீள ஒட்டகம்னு வைப்பார். பாலைவனமே தெரியும். அதே வித்தைதான்!

பேய் வீடு மட்டும் வரைய மாட்டேன்னு முதல் நாளே சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை வேலை பத்தி இன்னும் பேச்சு ஓடுது. அதுவரைக்கும் காலை ஆராதனை முடிச்சுட்டுத்தான் சென்னைக்கு பஸ் ஏறுறேன்.