மறு: டிப்ளமசி விதிநூல் – கூட்டாளியையே தாக்குவதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்துக்காக டிப்ளமசி என்ற பலகை விளையாட்டின் விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஆடிப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1901இன் ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், பகடை கிடையாது. வரைபடத்தில் 34 வழங்கல் மையங்கள் (படைகளைப் பராமரிக்க உதவும் இடங்கள்), அதில் 18 கைக்கு வந்துவிட்டால் தனி வெற்றி. ஒவ்வொரு பருவத்திலும் முதலில் பேச்சுவார்த்தை, அப்புறம் எல்லாரும் தத்தம் ஆணைகளை மறைத்து எழுதுவார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கப்படும். பேசியது எதுவும் யாரையும் கட்டாது. பிள்ளைகள் இணையத்தில் வெப்டிப்ளமசி தளத்தில் ஆடுவதால் அங்கே பார்க்கிற ஆங்கிலச் சொற்கள்தான் வாயில் வருகின்றன.

ஆணை, நகர்வு, பின்வாங்கல் எல்லாம் முடிந்தது. கூட்டாளியாக இருந்தவர் திடீரென்று நம் மையத்திலேயே படையை இறக்குவதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் stab, அதாவது குத்து, என்பார்கள். அதை அப்படியே 'ஸ்டாப்' என்று எழுதினால் 'நிறுத்து' என்று படிக்கிறார்கள். 'துரோகம்' என்று எழுதிப் பார்த்தேன், ஒரு மாணவி "அப்போ நான் செஞ்சது தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். தப்பே இல்லை, விதிப்படி சரியான ஆட்டம். அந்தக் குழந்தை தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு சொல் வேண்டும்.

* * *

அன்புடையீர்,

'இரண்டகம்' இருக்க வேறு சொல் எதற்கு? இரண்டு + அகம், உள்ளே ஒன்று வெளியே ஒன்று. 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதில்லையா? துரோகம் வடசொல், அதைத் தொடவே வேண்டாம்.

இன்னும் ஆழமாகப் போகலாம். மண்ணைப் பிடிக்கிற விளையாட்டு என்கிறீர்கள். தொல்காப்பியம் 'எஞ்சா மண்நசை' (தீராத மண்ணாசை) என்று தொடங்கி வேந்தன்மேல் வேந்தன் படையெடுப்பதை வஞ்சித் திணை என்கிறது. இந்த வஞ்சியும் வஞ்சித்தலும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. வாங்கு, வளை, வணங்கு, வஞ்சி எல்லாவற்றிலும் வளைதல் பொருள் ஓடுகிறது. கொடி வளைகிறது, சொல் வளைகிறது, மனமும் வளைகிறது. எனவே 'வஞ்சிநகர்வு' என்றும் சொல்லலாம். பிள்ளைகளுக்குப் புறத்திணையும் சேர்ந்து படிந்துவிடும்.

* * *

ஐயா, வணக்கம்.

வஞ்சித்தலை 'வஞ்சன' என்ற வடசொல்லோடு சேர்த்துத்தான் பலரும் பார்க்கிறார்கள், அதை இங்கே தீர்க்க முடியாது. ஆனால் வஞ்சித் திணையில் ஒளிவுமறைவே இல்லையே. பூச்சூடிக்கொண்டு, ஊரறியப் போகிற படையெடுப்பு அது. அதன் பெயரை முதுகில் குத்துவதற்கு வைத்தால் தொல்காப்பியமும் குழம்பும், விளையாட்டும் குழம்பும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. வஞ்சகம் என்றதும் எனக்கு மெய்ப்பொருள் நாயனாரிடம் சிவனடியார் வேடத்தில் வந்த முத்தநாதன்தான் நினைவுக்கு வருவான், 'மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து' வந்தவன். 'தொழுதகை உள்ளும் படையொடுங்கும்' என்ற குறளும் அதே ஜாதி. ஆனால் இவர்கள் எல்லாம் வரும்போதே பகைவர்கள். டிப்ளமசியில் அப்படியில்லை. போன பருவம் வரை அவர் உண்மையாகவே கூட்டாளி, அவர் துணையால்தான் நமக்கு இரண்டு மையம் கிடைத்திருக்கும். இரண்டகம் என்றால் முதல் நாளிலிருந்தே மனம் இரண்டாக இருந்தது என்று ஆகிறது. இங்கே மனம் ஒன்றுதான், அது ஒரு பருவத்தில் மாறுகிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் கேட்டேன், 'கழுத்தறுப்பு' என்றார். நல்ல சொல்தான். ஆனால் இங்கே பையன்கள் சலிப்பூட்டும் வகுப்பையும் கழுத்தறுப்பு என்கிறார்கள்.

* * *

எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ் படித்தவன் இல்லை, இந்த விளையாட்டை இணையத்தில் ரொம்ப நாளாக ஆடுகிறவன், அந்த முறையில் சொல்கிறேன்.

இரண்டகம் பொருந்தாது என்று அக்கா சொன்னதுதான் சரி. ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவும் இத்தாலியும் துருக்கிக்கு எதிராகக் கைகோத்திருக்கிறார்கள். 1901 வசந்தத்தில் ஆஸ்திரியா நம்பிக்கையோடு திரியெஸ்தேயில் இருக்கிற கடற்படையை அல்பேனியாவுக்கும், புடாபெஸ்ட் படையைச் செர்பியாவுக்கும், வியன்னா படையைக் கலீசியாவுக்கும் அனுப்புகிறது. திரியெஸ்தே காலி. இத்தாலி வெனிஸில் நிற்கிற படையை ஒரு அடி தள்ளி அங்கே வைத்தால் போதும், இலையுதிர் பருவம் முடிந்து மையங்களை எண்ணும்போதும் அந்தப் படை அங்கேயே இருந்தால் ஆஸ்திரியாவின் தாய்மண்ணில் ஒரு மையம் போச்சு. இத்தாலி ஆரம்பத்திலேயே பொய் சொன்னதா, காலியிடத்தைப் பார்த்ததும் ஆசை வந்ததா, யாருக்கும் தெரியாது. வரைபடத்துக்கு அது தேவையும் இல்லை.

இதற்கு நம் ஊரில் நாளும் புழங்குகிற சொல் இருக்கிறதே. தேர்தல் முடிந்ததும் என்ன சொல்கிறோம்? 'கூட்டணிக் கட்சி காலை வாரிவிட்டது.' கால்வாருதல், அவ்வளவுதான். கூட்டணிக்குள் இருப்பவர்தான் காலை வார முடியும், எதிரி வாரினால் அது வெறும் தாக்குதல். கோபம் இருக்கும், பாவம் இருக்காது. "டேய், காலை வாரிட்டியேடா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தில் அவனோடேயே சேரலாம்.

ஒரு சிக்கல் உண்டு. தேர்தலில் வேலை செய்யாமல் சும்மா இருப்பதையும் கால்வாருதல் என்போம். விளையாட்டில் இரண்டும் வேறு. துணை தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் விடுவது ஒன்று, மையத்தைப் பிடிப்பது இன்னொன்று. முன்னதைக் 'கைவிடல்' என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. கைவிட்டவரோடு திரும்பவும் பேசலாம், காலை வாரியவரோடு அந்த ஆட்டத்தில் பேசுவது கஷ்டம். அதனால்தான் நன்றாக ஆடுகிறவர்கள் அதை அடிக்கடி செய்வதில்லை. 2022இல் மெட்டா நிறுவனத்தின் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வெப்டிப்ளமசியில் 40 ஆட்டம் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வந்தது. பெரும்பாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும்படி அதை வடிவமைத்ததாகத்தான் அதன் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

டீச்சர், ஒரு படை இன்னொரு படைக்கு வலுச்சேர்க்கும் அந்தத் துணை ஆணையை 'ஆதரவு' என்று எழுதாதீர்கள். 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்', இந்தக் குறளே விதிநூல் மாதிரி இருக்கிறது. தாக்கும் படைக்குத் தன்வலி ஒன்று, ஒவ்வொரு துணைக்கும் ஒன்று கூடும், மாற்றான் வலியைவிட அதிகமானால்தான் இடம் கிடைக்கும், சமமானால் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். துணை தருகிற படையை மூன்றாவது ஆள் தாக்கினால் துணை அறுந்துபோகும். 'துணை', 'துணையறுப்பு' என்றே வைக்கலாம். அப்புறம் 875ஆம் குறளையும் முன்னட்டையில் போடுங்கள்: தனக்குத் துணையில்லை, பகையோ இரண்டு, அப்போது அந்த இரண்டில் ஒன்றை இனிய துணையாக்கிக்கொள். ஆஸ்திரியாவை ஆடுகிற எந்தப் பிள்ளைக்கும் அதைவிட நல்ல அறிவுரை கிடையாது.

* * *

அனைவருக்கும் நன்றி.

துணை, துணையறுப்பு, துணைவலி மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நேற்று வகுப்பில் சும்மா சொல்லிப் பார்த்தேன், 'தன்வலி ஒன்று துணைவலி இரண்டு' என்று பிள்ளைகள் தாங்களாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். கைவிடலும் கால்வாரலும் இருக்கட்டும் என்று தனிமடலில் எழுதியவர்களும் சேர்த்துப் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். 'கால்வாரல்' பெயர்ச்சொல்லாகக் கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கிறது, 'காலை வாருதல்' என்று விரித்து எழுதலாமா என்று யோசிக்கிறேன். அட்டவணையில் இடம் குறைவு.

ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டகம் எனக்கும் பிடித்த சொல். ஆனால் அதை அந்த மாணவியிடம் சொன்னால் துரோகத்தைச் சொன்ன மாதிரியேதான் முகம் மாறும்.

* * *

அன்புடையீர்,

கோபம் ஏதுமில்லை. ஆனால் உடன்பாடும் இல்லை. கால்வாருதல் இன்றைய மேடைப்பேச்சு. நாளைக்குத் தேர்தல் வழக்கு மாறினால் சொல்லின் பொருளும் நழுவும். இரண்டகம் அப்படி நழுவாது. மனம் ஒரு பருவத்தில் மாறுகிறது என்று அம்மையார் எழுதியதை ஏற்கிறேன். மாறுகிற அந்தப் பருவத்தில், ஆணையை எழுதிவிட்டுக் கூட்டாளியிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், அகம் இரண்டுதானே? அச்சில் பெரும்பான்மைப்படியே செய்யுங்கள், பின்னிணைப்பில் என் சொல்லுக்கு ஒரு வரி கொடுங்கள்.

'வழங்கல் மையம்' என்று யார் முடிவு செய்தது என்று தெரியவில்லை. படைக்குச் சோறு போடும் இடத்துக்குக் 'களஞ்சியம்' என்பதில் என்ன குறை? திங்கட்கிழமைக்குள் இதையும் பேசிவிடலாம்.