ரேக்கைத் தொட்டால் சுர்ரென்கிறது: நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கலாமா?

பின்னலூரான்:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. மாடியில் புதிதாக சுவர் ரேக் (நெட்வொர்க் கருவிகளை அடுக்கும் இரும்புப் பெட்டி) மாட்டி, பிஓஇ ஸ்விட்ச் (லேன் கேபிளிலேயே மின்சாரமும் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்) இரண்டு, ரவுட்டர், கேமரா பதிவுக் கருவியான என்விஆர், சின்ன யுபிஎஸ் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தோம். வெறுங்காலோடு நின்று ரேக்கைத் தொட்டால் கை சுர்ரென்கிறது. சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தேன்: ஃபேஸ்-நியூட்ரல் 231 வோல்ட், ஃபேஸ்-எர்த் 119, நியூட்ரல்-எர்த் 111. சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். சேர்க்கலாமா?

பழைய வயர்மேன்:
சேர்க்க விடாதீர்கள் தம்பி. சேர்த்தால் ஷாக் நிற்கும், மீட்டரும் 0 காட்டும். ஆனால் டிபி-யில் (மின்சாரம் பிரியும் பெட்டி) நியூட்ரல் ஸ்க்ரூ என்றைக்காவது லூசானால், திரும்ப வழியில்லாத மின்சாரம் அந்தத் துண்டு வயர் வழியாக ரேக் பாடிக்கு வரும். யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் முழு 230 வோல்ட்டும் நேராகவே வரும்.

நீங்கள் எடுத்த அளவிலேயே விஷயம் இருக்கிறது. 231-இல் ஏறத்தாழ பாதிப் பாதி. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் விட்டுப்போனால் பாடி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஸ்விட்சில் கோளாறு இல்லை. மெயினையும் யுபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டு, சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து டிபி எர்த் பார் (எர்த் வயர்களெல்லாம் சேரும் உலோகப் பட்டை) வரை கன்டினியூட்டி, அதாவது வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று, மீட்டரில் பாருங்கள். சிலர் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட் பல்பு போட்டுச் சோதிப்பார்கள். எர்த் அறுந்த லைனில் அப்படிச் செய்தால் பல்பு வழியாக எல்லாப் பாடிக்கும் ஃபேஸ் ஏறிவிடும், வேண்டாம். சரியாகும்வரை ரேக்கை ஆஃபிலேயே வையுங்கள். உள்ளே ஃபேஸ் பாடியில் பட்டால் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) விழாது.

கேபிள்காரி:
சாக்கெட் எர்த்தை மட்டும் நம்பாதீர்கள். யுபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினால் பேட்டரியில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், எர்த் மட்டும் போயிருக்கும். ரேக்கின் எர்த் போல்ட்டிலிருந்து டிபி எர்த் பாருக்கு 6 ஸ்கொயர் எம்எம் பச்சை வயர் தனியாக இழுங்கள். வயர் நுனியில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) அழுத்திக் கிரிம்ப் செய்ததாக இருக்கட்டும், பல் வாஷர் போடுங்கள், போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். நான் பார்க்கும் ரேக்குகளில் பாதி, பவுடர் கோட்டிங்குக்குத்தான் எர்த் கொடுத்திருக்கும்! கதவுக்கும் தனி வயர் வேண்டும், கீலை நம்ப முடியாது.

ஸ்விட்சுக்குப் பின்னால் எர்த் ஸ்க்ரூ இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரேக்கின் எர்த்துக்குக் கொண்டுவாருங்கள். வரிசையாகக் கோத்தால், ஒன்றைக் கழற்றும்போது அடுத்ததற்கும் எர்த் போய்விடும். மாட்டும்போது எர்த் முதலில், கழற்றும்போது கடைசியில். அப்புறம், ஸ்பைக் பஸ்டருக்குள் இன்னொரு ஸ்பைக் பஸ்டர் செருகாதீர்கள். ரேக்குக்குள் ஒரே பிடியூ (ரேக்குக்கான சாக்கெட் வரிசை) போதும்.

பின்னலூரான்:
கண்டுபிடித்துவிட்டோம். டிபி-யில் அந்த எர்த் வயரைப் பாரில் மாட்டாமலே டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். மாட்டியதும் நியூட்ரல்-எர்த் 1.4 வோல்ட்டுக்கு வந்துவிட்டது, ரேக்குக்குத் தனி வயரும் இழுத்தாயிற்று. ஆனால் இப்போது 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் லைனை அணைக்கும் கருவி) அடிக்கடி விழுகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதன் கீழேதான் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கென்று தனி எர்த் குழி வெட்டலாமா என்று முதலாளி கேட்கிறார்.

பழைய வயர்மேன்:
முன்பு கசிவு போக வழியில்லை, இப்போது போகிறது. ஒவ்வொரு பவர் சப்ளையும் கொஞ்சம் கசியவிடும், எல்லாம் ஒரே ஆர்சிசிபி-யில் கூடுகிறது. 30 என்று எழுதியிருந்தாலும் 15-ஐத் தாண்டினாலே விழலாம். அதைக் கழற்றிப்போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரேக்குக்குத் தனி லைன், தனி ஆர்சிசிபி கொடுங்கள். பிரித்த பிறகும் விழுந்தால் ஏதோ ஒரு கருவியில் நிஜமாகவே கசிவு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புதுக் குழி இதற்கு மருந்தில்லை. வெட்டினாலும் பழைய குழியோடு செம்புப் பட்டை போட்டு இணைத்தே ஆகவேண்டும். தனித்தனியாக விட்டால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டு குழிக்கும் நடுவே வோல்டேஜ் எக்கச்சக்கமாக ஏறும், அது கடக்க உங்கள் லேன் கேபிள்தான் பாலம். குடோன் மாதிரி வேறு கட்டிடத்துக்கு நெட்வொர்க் லைன் போகிறதா? போனால் அங்கே செம்புக் கேபிளை எடுத்துவிட்டு ஃபைபர் போடுங்கள்.