லினோ அச்சிலிருந்து சிற்பத்துக்கு: முதலில் கல்லா, செப்புத் தகடா?

அச்சுமேசை (சேலம்)
வணக்கம். லினோ (செதுக்க மெத்தென்றிருக்கும் லினோலியப் பலகை) வெட்டி, மை தடவித் தாளில் அச்சுப் போட்டு, வாழ்த்து அட்டை, சட்டம் போட்ட படம்னு ஏற்காடு கடைகளுக்குக் கொடுக்கிறேன். அடுத்து சிற்பம் பக்கம் போகணும், ஆனா அச்சு வருமானத்தை விட முடியாது. கல்லில் தொடங்கறதா, உலோகத்திலா? கையில் இருக்கிற லினோப் பலகைகள் உதவுமா? இன்னொன்று: மழைக்காலத்தில் மலையில் போடும் அச்சு ஒரு வாரம் ஆனாலும் காயமாட்டேங்குது.

ரோலர்
காயாததுக்கு ஈரப்பதம் பாதிக் காரணம், மை தடிப்பு மீதி. எண்ணெய் மை ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்துதான் இறுகும். கண்ணாடியில் ரோலரை ஓட்டும்போது மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் வரணும். சளசளன்னு ஒட்டிப் பிரிஞ்சா மை அதிகம், நுண்கோடுகளும் அடைச்சுக்கும். 100 கிராம் மைக்கு 1 மில்லி கோபால்ட் டிரையர் (மையைச் சீக்கிரம் காயவைக்கும் திரவம்), மிஞ்சிப்போனா 2. அதுக்கு மேல போனா மேலே ஏடு கட்டி உள்ளே பசையாவே நிக்கும். தாள்களை அடுக்காம கிளிப்பில் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைங்க.

இருக்கிற பலகைகள் நிச்சயம் உதவும். பாரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வார்ப்பு எடுங்க. பள்ளங்களில் லேசா வாஸ்லைன் தடவி, மேற்பரப்பை நல்லா துடைச்சு, அப்புறம் மை ஓட்டுங்க. சுற்றிலும் மரச்சட்டம் வச்சு, இடுக்கைக் களிமண்ணால் அடைக்கணும். 20க்கு 20 செ.மீ. பலகைக்கு 500 மில்லி தண்ணீர், 700 கிராம் சாந்து. கிட்டத்தட்ட 2 செ.மீ. தடிப்பு வரும். தண்ணீரில்தான் சாந்தைத் தூவணும். ஒரு நிமிஷம் ஊறவிட்டு, குமிழி எழாம கலக்கி ஊத்துங்க. பாதி ஊத்தினதும் ஒரு சணல் வலைத் துண்டைப் பதிச்சா உடையாது. 40 நிமிஷம் கழிச்சுப் பிரிச்சா, நீங்க வெட்டின கோடெல்லாம் வெள்ளையா எழும்பி நிக்கும், கறுப்பு கீழ்த்தளத்தில் இருக்கும். கோட்டின் அடியை உள்வாங்கி வெட்டியிருந்தா சாந்து மாட்டிக்கும்; அச்சுப் போடும்போது கோடு ஒடியறதும் அதனாலதான். மூட்டையைப் பிரிச்சு மலையில் வச்சிருந்த சாந்து ஈரம் குடிச்சிருக்கும், இறுகினாலும் நகம் பட்டா உதிரும். மூடி இறுக்கமான டப்பா அவசியம்.

தகடுவேலை
என் ஓட்டு செப்புத் தகடுக்குத்தான். லினோக்காரர் கண் ஏற்கெனவே மேடு பள்ளத்தில் பழகினது, அதனால் புடைப்புச் சிற்பம் (தட்டையான தளத்திலிருந்து உருவம் மேலெழும்பி நிற்பது) இயல்பான அடுத்த படி. சிற்பி பி.வி. ஜானகிராம் முன்பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரி தகட்டில் செய்த சிற்பங்களை அவசியம் பாருங்க. அவர் இருந்த சோழமண்டலம், சென்னை பக்கத்துக் கலைஞர் கிராமம், 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கினது, அங்கே கலைஞர்கள் பத்திக் (மெழுகு வச்சுச் சாயமிட்ட) துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் நின்னாங்க. உங்க அட்டை வியாபாரமும் அதே வேலையைச் செய்யும்.

0.5 மி.மீ. தகடு வாங்குங்க. அடிக்கு அடி சுமார் 415 கிராம் இருக்கும், அன்றைய கிலோ விலையில் கணக்குப் போட்டுக்கலாம். அதைவிட மெல்லிசு கிழியும், 0.8 ஆனா கை வலிக்கும், கோடும் மழுங்கும்.

தகட்டை அரக்குப் படுக்கையில் ஒட்டி வச்சுத்தான் தட்டணும். அந்த அரக்குக்கு: குங்கிலியம் 1 கிலோ, சலித்த செங்கல் தூள் 1¼ கிலோ, எண்ணெய் 100 மில்லி. சேலம் வெயிலில் இது இளகி, அடி வாங்காம அமுங்கிடும், தூளைக் கூட்டணும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டுக் குளிரில் அதே கலவை சில்லுசில்லாத் தெறிக்கும், எண்ணெயைக் கூட்டணும். ஒரே கலவையை மேலும் கீழும் கொண்டுபோகாதீங்க.

பின்பக்கம் தட்டி மேடு எழுப்பி, திருப்பி முன்பக்கம் கோடு தீர்க்கணும். அடிக்க அடிக்கச் செம்பு விறைக்கும், சுத்திச் சத்தம் கணீர்னு மாறும். அங்கேயே நிறுத்தி, அரக்கைச் சுரண்டிவிட்டு, மங்கின சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டா மறுபடி இளகும். கறுப்புப் படலம் புளி, உப்புக் கரைசலில் போயிடும். 2 செ.மீ. மேட்டுக்கு ஐந்தாறு தடவை காய்ச்ச வேண்டியிருக்கும். சோம்பல்பட்டா மேட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், அதை மறைக்க முடியாது.

வரவுசெலவு
லினோ அச்சில் 30 பிரதி என்று எண் போட்டா 30தான். அந்தப் பலகையை அட்டைக்குத் திரும்ப எடுக்கக் கூடாது, அட்டைக்குத் தனிப் பலகை வெட்டுங்க. ஒரு கணக்கு: வெட்ட, அச்சிட 3 நாள், நாள் கூலி 1,500 என்றால் பிரதிக்கு 150. தாள், மை, உறை 120. கழிவோட 300. கடையில் விலை 700, அவங்க கமிஷன் 35% என்றால் 245. உங்களுக்கு 155 நிக்கும், முப்பதும் வித்தா 4,650. செம்பு அதிலிருந்துதான் வாங்கணும், அட்டைக் காசிலிருந்து இல்லை. உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) இலவசம், யாருக்கும் பணம் கொடுக்காதீங்க. கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் சிற்பி உண்டு (கருவிக்கு 15,000 ரூபாய் வரை), அச்சுக்கலை கிடையாது.

அச்சுமேசை (சேலம்)
ரொம்ப நன்றி. கல்லை முழுசா மறந்துடறதா? சேர்வராயன் மலைக் கல்லே காலடியில் கிடக்கே.

கல்லுளி
அது சார்னகைட் என்கிற கடினமான பாறை. குவார்ட்ஸ் கலந்தது, டங்ஸ்டன் கார்பைடு முனை இல்லாம உளி நிக்காது, தூசி நுரையீரலைக் கெடுக்கும். கல்சட்டி செய்யற மாக்கல் வாங்குங்க, அரமும் பழைய லினோ உளியுமே ஏறும். அதையும் ஈரமாவே செதுக்குங்க, முகத்தில் என்95 இருக்கட்டும். வாங்கும்போது ஈரத்துணியால் துடைச்சுப் பாருங்க. விரிசல் இருந்தா, மற்ற இடம் காய்ஞ்ச பிறகும் அந்தக் கோடு மட்டும் கறுப்பா நிக்கும்.