அரபோ எபிரேயமோ படித்துவிட்டு வெளியில் வந்து மாட்டிக்கொண்ட நாள்

மருதானைப் பையன்:

மூன்று வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். பேராதனையில் அரபுச் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலம். மருதானையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். ஒப்பந்தம், விசாத் தாள், மெடிக்கல் ரிப்போர்ட். தாளில் இருக்கும்வரை நான்தான் ராஜா.

ஒரு நாள் ஜித்தாவிலிருந்து ஆள் எடுக்கிறவர் நேரிலேயே வந்துவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இவர் டிகிரி ஹோல்டர்" என்று அவர் முன்னால் நிறுத்தினார். நான் பணிவாக "மாதா துரீது, யா ஸய்யிதீ?" என்றேன். சாப்பாட்டுக் கடையில் ஒருவன் உங்களிடம் வந்து "ஐயா, தாங்கள் யாது வேண்டுகின்றீர்?" என்று கேட்டால் எப்படிப் பார்ப்பீர்கள்? அப்படிப் பார்த்தார். பிறகு, "அப்கா மோயா" என்றார்.

மோயா. மீம், வாவ், யா என்று மூன்று எழுத்து... அப்படி ஒரு வேர்ச்சொல் உண்டா? மனதுக்குள் ஹன்ஸ் வேர் என்பவர் வேர்ச்சொல் வாரியாகத் தொகுத்த அரபு அகராதியைப் புரட்டுகிறேன். மனுஷன் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறார். ஏ.சி. வேறு பழுது.

வரிசையில் பாஸ்போர்ட் போட்ட ஷொப்பிங் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு ராத்தா எழுந்து போய், ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஜித்தாவில் 11 வருடம் வீட்டு வேலை செய்தவராம். என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க படிச்சது கிதாபு அரபு, புஸ்தகத்துல உள்ளது. அவங்க வீட்டுல அது இல்ல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தெஹிவளை டீச்சர்:

தம்பி, கிதாபு அரபைக் குறைத்துப் பேசாதீர்கள். ஜித்தாக்காரர் பேசுவதை மொரோக்கோக்காரரிடம் பேசிப் பாருங்கள், அவரும் முழிப்பார். செய்தி, சட்டம், ஒப்பந்தம் எல்லாம் எழுதப்படுவது நீங்கள் படித்த அரபில்தான். அந்த ராத்தாவுக்கு அந்த ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியுமா? தெரியாமல் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

என் கதை வேறு. கொழும்பில் ஒரு ஹோட்டலில் கல்யாண விருந்து. வளைகுடாவிலிருந்து மாப்பிள்ளை பக்க விருந்தாளிகள் வருகிறார்கள் என்று வாசலில் இருபதடி பனர் கட்டியிருந்தார்கள். தங்க நிறத்தில் 'அஹ்லன் வ ஸஹ்லன்'. எழுத்தெல்லாம் தனித்தனியாகக் கழன்று, இடமிருந்து வலமாக நிற்கிறது. பனர் அடித்தவரின் கணினிக்கு வலமிருந்து எழுதத் தெரியவில்லை. தமிழில் 'வாருங்கள்' என்பதை ள், க, ங், ரு, வா என்று பிரித்து அடித்த மாதிரி. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து ஒரு தரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தானே இருக்கு மிஸ்" என்றார். விருந்தாளிகள் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களில் ஒன்றில் நானும் இருக்கிறேன், சிரித்துக்கொண்டு.

கொட்டாஞ்சேனைக்காரன்:

நான் அரபு இல்லை, எபிரேயம். இறையியல் படிக்கப் போய் மூன்று வருடம் பழைய ஏற்பாட்டோடு மல்லுக்கட்டினேன். இப்போது காப்புறுதி வேலை. (யாரும் சிரிக்க வேண்டாம்.)

ஒரு நத்தார் இரவு, எங்கள் தெருவில் பிள்ளைகளின் குடில் நாடகம். விளக்கம் சொல்ல என்னைத்தான் நிறுத்தினார்கள். "பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு" என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் பக்கத்து வீட்டு ஹாஜியார், பேரப்பிள்ளைகளோடு. பாதி வாய்க்குள், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்கட அரபுல பைத் லஹ்ம், இறைச்சி வீடு" என்றார்.

அப்படியே நின்றுவிட்டேன். அதே லாம்-ஹா-மீம். ஒரு வீட்டில் அப்பம், அடுத்த வீட்டில் இறைச்சி. ஷாலோம், ஸலாம், சிரியாக்கில் ஷ்லாமா என்று பரீட்சைக்குப் பாடமாக்கியவன் நான். இது மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஹாஜியாரிடம் மூன்று வருடத்தில் ஒரு தரம் கேட்டிருக்கலாம். பிள்ளைகள் "அங்கிள், இறைச்சியா அப்பமா?" என்று கத்த, நாடகம் அதோடு குழம்பியது.

புறக்கோட்டைக் குருவி:

நான் இன்னும் முதலாம் வருடம். மச்சிமாரோடு கொழும்பு நூதனசாலைக்குப் போனேன். அங்கே 1409ஆம் ஆண்டு தேதி போட்ட காலிக் கல் இருக்கிறதல்லவா, சீன அட்மிரல் செங் ஹ வைத்தது. சீனம், தமிழ், அரபு என்று மூன்று மொழி. "நீதானே அரபு படிக்கிறாய், வாசி" என்றார்கள். எழுத்து முக்கால்வாசி தேய்ந்துபோய்விட்டது. தேய்ந்ததைச் சாக்காக வைத்துத் தப்பினேன். ஆனால் தேயாத நாலு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒருத்தி, "கம்பஸ் போறது சும்மாவா?" என்றாள். இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

கல்கிசை அங்கிள்:

குருவி, முதலில் ஒரு திருத்தம். அது அரபு அல்ல, பாரசீகம். அரபு எழுத்தில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். பாரசீகம் அரபும் எபிரேயமும் சேர்ந்த செமிட்டிக் குடும்பமே இல்லை. சிங்களத்துக்குத்தான் தூரத்துச் சொந்தம். அரபு எழுத்தைக் கண்டதும் அரபு என்று முடிவு கட்டுவது முதலாம் வருடத்தில் மன்னிக்கலாம், டீச்சர்மார் செய்தால்தான் பிழை. அந்தக் கல்லில் சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தேவந்துறை தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. 1911ல் காலியில் கண்டெடுத்தார்கள். அதுவரை வடிகானுக்கு மூடியாகக் கிடந்தது.

எனக்குச் சொல்லப் பெரிய கதை இல்லை. ஒரு தூதரக நேர்முகத்தில் அம்ஹாரிக்கை ஆப்பிரிக்க மொழி என்று சொன்னேன், எதிரே இருந்தவர் "செமிட்டிக் என்று தெரியாதா?" என்றார். வேலை கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவில் பேசினாலும் அது அரபுக்கும் எபிரேயத்துக்கும் தங்கைதான், அதுவும் இடமிருந்து வலமாக எழுதுகிற தங்கை. மோல்ட்டா நாட்டு மொழியும் அப்படியே, அது லத்தீன் எழுத்தில். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாவது மொழி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரபும் சிங்களமும் ஆங்கிலமும் தமிழும் கையில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆகலாம். கல்யாணச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஒப்பந்தம் என்று வேலை ஓயாது. ஐ.நா.வில் அரபு 1973லிருந்து உத்தியோக மொழி, ஆனால் அங்கே நுழைய இங்கிலீஷ் போன்ற மற்ற உத்தியோக மொழியும் இரும்பு மாதிரி இருக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் நெதர்லாந்தில் லைடன் இருக்கிறது, 1613லிருந்து அரபுக்குப் பேராசிரியர் இருக்கை வைத்திருக்கும் ஊர். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் கோட்டயத்தில் 1985ல் தொடங்கிய எஃப்ரேம் ஆய்வு நிறுவனத்தில் சிரியாக் படிக்கலாம். இலங்கைக்கும் சிரியாக்குக்கும் என்ன என்று கேட்பீர்கள். 1912ல் அனுராதபுரத்தில் ஒரு சிலுவை கிடைத்தது. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற பயணி இந்தத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறார். அவர்களுடைய வழிபாட்டு மொழி சிரியாக். இந்த விஷயத்தை யாராவது இங்கிருந்து தொட வேண்டும்.

அப்புறம், சுவடிகளை ஸ்கேன் செய்து பட்டியல் போடும் வேலைகளுக்கு அரபு எழுத்து வாசிக்கிறவர்கள் தேவை. அப்புறம், கணினிக்கு மொழி பழக்கும் வேலை. அப்புறம்...

தெஹிவளை டீச்சர்:

அங்கிள், 'டீச்சர்மார்' என்று யாரைச் சொன்னீர்கள்? கல்லைப் பற்றி நான் எழுதவே இல்லை. 'தகராறு' என்ற சொல்லும் அரபிலிருந்துதான் வந்தது. திரும்பத் திரும்பச் சொல்வது என்று பொருள். உங்களுக்குப் பொருந்தும்.

கொலன்னாவை:

சண்டை பிடிக்கிறவர்கள் பிடிக்கட்டும். வேர் தேடும் வியாதி எனக்கும் உண்டு. பட்டம் முடித்த வருடம் உம்மம்மாவின் அலமாரியில் ஒரு பழைய கொப்பி கிடைத்தது. முழுக்க அரபு எழுத்து. துஆவாக இருக்கும் என்று பயபக்தியோடு கைகழுவிவிட்டு உட்கார்ந்தேன். சில எழுத்துகளில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் புள்ளிகள். ஒரு சொல்லுக்கும் பொருள் வரவில்லை. முக்கால் மணி நேரம் போனபின் உம்மம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்: "முட்டை பத்து. கித்துல் கருப்பட்டி. தேங்காய்ப்பால் முதல் பால்..."

வட்டிலப்பம்! அரபுத்தமிழில் எழுதிய வட்டிலப்பச் சமையல் குறிப்பு. எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ்.

இப்போது அந்த எழுத்தை அவரிடம்தான் படிக்கிறேன். கொப்பியில் கடைசிப் பக்கங்கள் இன்னும் வாசிக்கவில்லை. "அது உங்களுக்கு இல்ல" என்று சொல்லி மூடி வைத்துக்கொண்டார்.

மருதானைப் பையன்:

டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த ராத்தாவுக்கு ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியாது. ஆனால் அன்று பின்னேரம்வரை ஜித்தாக்காரருக்கும் முதலாளிக்கும் நடந்த பேச்சை இங்கும் அங்கும் சொல்லிக் கொடுத்தது அவர்தான். சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள், ஃபோன் வைத்துக்கொள்ளலாமா, எல்லாம். நான் பக்கத்தில் இருந்து எழுதினேன். இடையில் அவருடைய ஃபைல் மேசைக்கு வரும் முறை தவறிவிட்டது. "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைய மொழிபெயர்ப்புக் காசு என் கணக்கில்தான் விழுந்தது. வாய்ச்சொல் மொழிபெயர்ப்புக்கென்று மேலதிகமாகவும் போட்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ராத்தா வந்தபோது ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

குருவி:

நானா, ஹன்ஸ் வேரில் பார்த்தேன். தண்ணீர் இருப்பது மீம்-வாவ்-ஹா என்ற வேரின் கீழ். யா இல்லை.