பொருள்: முயலின் ‘ஜி.ஐ. ஸ்டேசிஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கருத்தடை அறுவை முடிந்து வீட்டுக்கு வரும் முயலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இடறுவது ஒரு சொல்தான்: ஜி.ஐ. ஸ்டேசிஸ். குடல் அசைவு குறைந்து, கடைசியில் நின்றேபோவது. ‘மலச்சிக்கல்’ என்று போட்டுவிடலாமா? ‘குடல் அடைப்பு’ என்றும் ஒருவர் சொன்னார்.

————

> ‘மலச்சிக்கல்’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. மலச்சிக்கல் என்றால் நம் வீடுகளில் கை நேராக விளக்கெண்ணெய்க்குப் போகும். முயலுக்கு நடப்பது வேறு. தையல் போட்ட இடத்தில் வலி, மயக்க மருந்தின் சோர்வு, ஆஸ்பத்திரி போய்வந்த மிரட்சி எல்லாம் சேர்ந்து அது தின்னாமல் மூலையில் குந்திக்கொள்கிறது. நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அந்தக் குடல் ஓடும். தின்னாவிட்டால் மெதுவாகும், காற்று சேர்ந்து இன்னும் வலிக்கும், வலித்தால் இன்னும் தின்னாது. நாய், பூனையைப் போல முயலை அறுவைக்கு முன் பட்டினி போடாததும் இதனால்தான். அதற்கு வாந்தி எடுக்கவே வராது, மயக்கத்தில் வாந்தி வந்துவிடுமோ என்ற பயமும் இல்லை.

> ‘குடல் அடைப்பு’

இது இன்னும் மோசம். அடைப்பு என்பது முடியோ துணியோ சிக்கிக்கொள்வது. குடலைத் தூண்டும் மருந்தை அப்போது கொடுத்தால் குடல் கிழியக்கூடும். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

நான் ‘குடல் மந்தம்’ என்பேன். “வயிறு மந்தமா இருக்கு” என்று சொல்லாத வீடு உண்டா? வேகம் குறைந்தது என்பது மட்டும் அதில் இருக்கிறது, அடைப்பு இல்லை.

அப்புறம், ‘மலம்’ என்று எங்கும் எழுதாதீர்கள். ‘புழுக்கை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. வளர்ப்பவர் பார்க்க வேண்டியதே அதைத்தான். சாதாரண நாளில் கறுப்புக் கொண்டைக்கடலை அளவில், உடைத்தால் உள்ளே நார்நாராக இருக்கும். குடல் மெதுவானால் மிளகளவுக்குச் சிறுத்துக் காய்ந்து விழும்.

————

புழுக்கைக்கு என் ஓட்டு. ‘மந்தம்’தான் உறுத்துகிறது. மந்தம் என்றால் கொஞ்சம் ஓமவாட்டர் கொடுத்துக் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடுவார்கள். முயல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தாலே அவசரம். ‘குடல் முடக்கம்’ என்றால் கொஞ்சமாவது பதறுவார்கள்.

————

முடக்கம் என்றால் முடக்குவாதம் நினைவுக்கு வந்து, கால் இழுத்துக்கொண்டதோ என்று நினைக்க மாட்டார்களா?

————

‘குடல்’ முன்னால் இருப்பதால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். தலைப்பில் ‘குடல் முடக்கம்’, அதன் தொடக்க நிலைக்கு ‘மந்தம்’. இப்படி எழுதிப் பார்த்தேன்:

“வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி புல்லைத் தொடவில்லை, புழுக்கை சிறுத்துவிட்டது என்றால் குடல் மந்தமாகிறது, மருத்துவரை உடனே அழையுங்கள். அருகம்புல், கொத்தமல்லித் தழையை மூக்கருகே வையுங்கள். எழுதிக்கொடுத்த வலி மருந்தை விட்டுவிடாதீர்கள். கரைத்த உணவு ஊட்டச் சொன்னால், ஊசியில்லாத சிரிஞ்சை முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, அது மென்று விழுங்க விழுங்கக் கொஞ்சமாக விடுங்கள். புழுக்கையே இல்லை, பல்லை நறநறவென்று கடிக்கிறது என்றால் குடல் முடக்கம். விடியட்டும் என்று இருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.”

வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை முயலுக்கு வாயில் ஊற்றக்கூடாது என்பதையும் சேர்க்கிறேன். குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, முயலே செத்துப்போகும்.

இன்னொன்று பாக்கி. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பை முயலுக்குக் கூடியமட்டும் தவிர்க்கச் சொல்கிறார்கள். முயல் குனிந்து, தன் பின்புறத்திலிருந்தே எடுத்துத் தின்னும் பளபளப்பான மெத்தென்ற புழுக்கை ஒன்று உண்டு, சத்தெல்லாம் அதில்தான். கூம்பு இருந்தால் அதற்கு வாய் எட்டாது. அதை ‘மென்புழுக்கை’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.